டிரவுட் மீனின் சாளரம்

கிணற்றில் முங்கு நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். நீருக்கடியில் கண்ணைத் திறந்து மேலே நோக்கினால் வானம் முழுவதும் தெரிவதில்லை. தலைக்கு நேர் மேலே வட்டமாக ஒரு வெளிச்சம் மட்டும் தெரியும். அதைச் சுற்றிலும் மங்கலாகப் பளபளக்கும் ஒரு கூரை. நமக்கு இது ஒரு நிமிட வேடிக்கை. மீனுக்கோ வாழ்நாள் முழுவதும் வெளியுலகம் என்பது இந்த வட்டந்தான். இதன் வழியேதான் உணவும் வருகிறது, எமனும் வருகிறான்.

அந்த வட்டத்தின் வழியே மீனுக்கு என்ன தெரிகிறது? இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டவர்களில் பலர் பல்கலைக்கழகத்தார் அல்லர். தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தவர்கள். இங்கிலாந்தின் ஆறுகளில் டிரவுட் மீனைப் பிடிக்க முயன்றவர்கள், தம்மை அறியாமலே ஒளியியலையும் பூச்சியியலையும் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பொய் ஈ பிறந்த கதை

டிரவுட் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் வாழும் மீன். ஆற்றோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து ஓரிடத்தில் நிற்கும். நீரோட்டம் கொண்டுவரும் சிறு பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து உண்ணும். இப்பூச்சிகளில் முக்கியமானது 'மே ஈ' என்னும் இனம். இதன் இளவுயிரி ஆற்றின் அடியில் மாதக்கணக்கில், சில வகைகளில் ஓராண்டுக்கு மேலும் வாழ்ந்து, பின் மேலே வந்து தோலுரித்து இறகு முளைத்துப் பறக்கும். பறக்கும் வாழ்வு ஒரு நாளோ இரண்டு நாளோதான்.

இப்பூச்சியைத் தூண்டில் முள்ளில் குத்தினால் என்ன ஆகும்? நசுங்கிப்போகும். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரை மக்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கை பட்டால் பூச்சியின் நிறம் கெட்டுவிடுகிறது. மீன் அதைத் தொடுவதில்லை. எனவே அவர்கள் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்தருகே வளரும் இரு சிறகுகளை அதில் கட்டினார்களாம். மீன் ஏமாந்தது. பொய் ஈயைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று.

இங்கிலாந்தில் 1496-ஆம் ஆண்டில் அச்சான ஒரு தூண்டில் நூல், எந்த மாதத்துக்கு எந்த ஈ என்று 12 ஈக்களை வரிசைப்படுத்தியது. ஐசக் வால்டன் 1653-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு, சார்ல்ஸ் காட்டன் 1676-ஆம் ஆண்டில் ஒரு பகுதி எழுதிச் சேர்த்தார். டவ் ஆற்றில் ஈத் தூண்டில் வீசும் முறையை அதில் விளக்கினார். இவை யாவும் அனுபவ அறிவு. 'இந்த ஈ பலிக்கிறது' என்பது தெரியும், 'ஏன் பலிக்கிறது?' என்பது தெரியாது.

எடையற்றதை எறிவது எப்படி?

இங்கே ஓர் இயற்பியல் கேள்வி எழுகிறது. நம் ஊர்க் குளத்தில் தூண்டில் போடுபவர் ஈயக் குண்டின் எடையால் இரையை வீசுகிறார். சிறகாலும் நூலாலும் ஆன ஈக்கு எடையே இல்லையே! ஒரு சிறகை எடுத்து எறிந்து பாருங்கள். ஒரு மீட்டர் தூரங்கூடப் போகாது. எனவே ஈத் தூண்டிலில் எறியப்படுவது ஈ அன்று, கயிறுதான். கயிற்றைக் கனமாகவும் நுனியை நோக்கி மெலிந்து செல்வதாகவும் செய்வார்கள். கழி வளைந்து நிமிரும்போது கயிறு வளையமாக உருண்டு முன்னே செல்கிறது. இயங்கும் பகுதியின் நிறை குறையக் குறைய, அதே ஆற்றல் சிறு நிறைக்குள் அடங்க வேண்டியிருப்பதால் நுனியின் வேகம் கூடுகிறது. சாட்டையின் தத்துவமும் இதுவே. இறுதியில் காற்றின் தடை அந்த வேகத்தைத் தின்றுவிட, ஈ மெல்ல நீரில் இறங்குகிறது.

இறங்கிய பின்னும் சோதனை முடிவதில்லை. ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதன்று. கரையருகிலும் அடியிலும் மெதுவாக, நடுவில் மேற்பரப்பை ஒட்டி விரைவாக ஓடும். டிரவுட் ஒரு கல்லின் பின்னால், வேகம் குறைந்த நீரில் சிக்கனமாக நின்றுகொண்டு, பக்கத்து விரைவோட்டம் கொண்டுவரும் உணவை எட்டி எடுக்கும். கரையிலிருந்து வீசிய கயிறு நடுவிலுள்ள விரைவோட்டத்தின் குறுக்கே கிடந்தால், நீர் அதை இழுத்துச் செல்லும். கயிறு ஈயை இழுக்கும். நீரோடு மிதந்து வரவேண்டிய பூச்சி, நீரைக் கிழித்துக்கொண்டு ஓடினால் மீன் நம்புமா? தேர்ந்த தூண்டில்காரர் முதலில் ஆற்றைத்தான் படிக்கிறார். மீனைப் பிறகுதான் தேடுகிறார்.

ஆற்றங்கரையில் ஓர் ஆய்வுக்கூடம்

'ஏன்?' என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்தவர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். இவர் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் பிளைத் ஆற்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்குமாறு எண்கோண வடிவில் ஒரு குடிசை கட்டினார். சாளரத்தின் வழியே, தான் மீனுக்குப் புலப்படாமல், கீழே நிற்கும் டிரவுட்டுகளைக் கவனித்தார்.

மீனுக்குக் காது கேட்குமா? நண்பர் ஒருவரைக் குடிசைக்குப் பின்னால் நின்று துப்பாக்கியால் சுடச் சொன்னார். மீன்கள் அசையவில்லை. ஏன் என்று இன்று நம்மால் சொல்ல முடியும். காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் மோதும்போது அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் புகும். மற்றது எதிரொலித்துத் திரும்பிவிடும். ஆனால் கரையில் காலடி வைக்கும் அதிர்வு மண்வழியாக நீரை அடையும். அதை மீன் உணரும். நீங்கள் ஆற்றங்கரையில் உரக்கப் பேசலாம், ஓடத்தான் கூடாது!

மீனுக்குச் சுவை தெரியுமா? இறந்த வீட்டு ஈக்களின்மேல் மிளகாய்த்தூள், கடுகு முதலியவற்றைப் பூசி, ஒரு குழாய் வழியே ஊதி மீனின் முன் விழச் செய்தார். மீன்கள் அவற்றையும் எடுத்தன! அப்படியானால் டிரவுட் முதலில் நம்புவது எதை? கண்ணைத்தான். ரொனால்ட்ஸ் 1836-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மெய்யான பூச்சியையும் அதன் பொய் உருவையும் வண்ணப்படங்களாக அருகருகே காட்டினார். அதே நூலில் ஒளிவிலகலை விளக்கும் ஒரு படமும் இருந்தது. கரையில் நிற்கும் மனிதன் மீனின் கண்ணுக்கு எங்கே, எவ்வாறு தெரிவான் என்பதே அப்படத்தின் பொருள்.

அந்தப் படத்தை நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம்

நீரின் ஒளிவிலகல் எண் 4/3. எனவே நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளியின் மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 டிகிரி. செங்குத்துக்கு இருபுறமும் 48.6 டிகிரிக்குள் நோக்கினால் வெளியுலகம் தெரியும். அதற்கு அப்பால் முழு அக எதிரொளிப்பு நிகழ்வதால், நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றின் அடிப்பகுதியையே காட்டும். ஆக மீனின் சாளரம் சுமார் 97 டிகிரி விரிந்த ஒரு கூம்பு. 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு மேற்பரப்பில் 68 செ.மீ. விட்டமுள்ள வட்டம் கிடைக்கிறது. 60 செ.மீ. ஆழத்துக்குச் சென்றால் வட்டம் இருமடங்காகும். கூம்பின் கோணம் மட்டும் மாறாது.

இந்த வட்டத்துக்குள் ஓர் அடிவானத்திலிருந்து மறு அடிவானம் வரை 180 டிகிரி உலகமும் அடைபட வேண்டும். எனவே ஓரங்களில் உள்ளவை நசுங்குகின்றன. சைன் அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாளரத்தின் விளிம்பிலிருந்து 5 மீட்டர் தொலைவில், 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிற்கிறார். காற்றில் அவர் அடிவானத்துக்கு மேல் 18.8 டிகிரி வரை எழும்புகிறார். நீருக்குள் இருக்கும் மீனுக்கோ அவர் விளிம்பிலிருந்து சுமார் 3.4 டிகிரி அளவே தெரிகிறார். அவரே மண்டியிட்டு, நீர்மட்டத்துக்கு மேல் 80 செ.மீ. உயரத்துக்குள் அடங்கினால்? 9.1 டிகிரி என்பது நீருக்குள் 0.8 டிகிரியாகச் சுருங்கிவிடும்! போதாக்குறைக்கு, இவ்வளவு சாய்வாக வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீருக்குள் புகாமலே எதிரொளித்துப் போய்விடுகிறது. 'தாழ்ந்து இரு, தள்ளி இரு' என்பது தூண்டில்காரர்களின் பழைய விதி. அது வெறும் பழக்கமன்று. ஸ்நெல் விதியின் நேரடி விளைவு.

வாளிக்குள் ஒரு காமிரா

மீனின் பார்வையைக் கணக்கால் அறிந்தாயிற்று. கண்ணால் காண வேண்டாமா? அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் இதைச் செய்தார். ஒரு வாளியின் அடியில் ஒளிப்படத் தகட்டை வைத்து, மேலே ஓர் ஊசித்துளை அமைத்து, வாளியை நீரால் நிரப்பினார். நீருக்குள் ஒளி விலகி வந்து தகட்டில் விழுந்த படத்தில் சுற்றுப்புறம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 1906-ஆம் ஆண்டில் வெளியான அவரது கட்டுரையின் தலைப்பிலேயே 'மீன்கண்' என்ற சொல் இடம்பெற்றது. இன்று ஒளிப்படக் கடைகளில் 'மீன்கண் லென்சு' என்று கேட்கிறோமே, அந்தப் பெயரின் மூலம் இதுவே. 1924-ஆம் ஆண்டில் ராபின் ஹில் என்பவர், வானம் முழுவதிலும் உள்ள மேகங்களை ஒரே படத்தில் பதிவுசெய்ய இவ்வகை லென்சு ஒன்றை உருவாக்கினார். மீனின் சாளரம் வானிலையியலுக்குப் பயன்பட்டது!

இங்கிலாந்தில் மருத்துவரான ஃபிரான்சிஸ் வார்டு, ஒரு குளத்தின் பக்கச் சுவரில் கண்ணாடி பதித்த நிலவறையைக் கட்டி, அதற்குள் அமர்ந்து மீன்களையும் மிதக்கும் ஈக்களையும் கீழிருந்து படமெடுத்தார். 1911-ஆம் ஆண்டில் அவை நூலாக வெளிவந்தன. வானூர்தி வடிவமைப்பாளரான ஜே. டபிள்யூ. டன் என்பவர் 1924-ஆம் ஆண்டில் வேறொரு கருத்தை முன்வைத்தார். மீன் பூச்சியை வானத்தின் ஒளிக்கு எதிராகக் காண்கிறது. பூச்சியின் உடல் ஒளி ஊடுருவும் தன்மை உடையது. எனவே அதன் நிறம் மேலே விழும் ஒளியால் அமைவதன்று, ஊடே வரும் ஒளியால் அமைவது. இதற்காக அவர் முள்ளின் தண்டுக்கு வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் செயற்கைப் பட்டுநூலைச் சுற்றினார்.

சட்டமும் சாட்சியும்

இவ்வளவுக்கும் நடுவே இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. டெஸ்ட், இட்சன் ஆகிய ஆறுகள் சுண்ணப் பாறையிலிருந்து ஊறும் நீரால் ஆனவை. பளிங்குபோலத் தெளிந்தவை. இங்கே ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டு என்பவர் 1886, 1889 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களால் 'உலர் ஈ' முறைக்கு இலக்கணம் வகுத்தார். மீன் மேலெழுந்து உண்பதைக் கண்ட பின்னரே வீச வேண்டும். ஈ மேற்பரப்பில் மிதக்க வேண்டும். நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் வீச வேண்டும். அப்பூச்சியை அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஈ மிதப்பது பரப்பு இழுவிசையால். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள விளிம்பை நீர்ப்பரப்பு தாங்கும் விசை சுமார் 70 மில்லிகிராம் எடைக்குச் சமம். சேவல் சிறகின் விறைப்பான இழைகள் பல இடங்களில் பரப்பைத் தொடுவதால் முள்ளும் மூழ்காமல் நிற்கிறது.

ஹால்ஃபோர்டின் முறை அழகானது, நுட்பமானது. ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். பல ஆறுகளில் மூழ்கும் ஈயை வீசுவது இழிவு என்றே கருதப்பட்டது.

ஜார்ஜ் ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் இட்சன் ஆற்றில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மீன் பிடித்தவர். 1890-களின் தொடக்கத்தில் அவரது ஈ ஒன்று மிதக்காமல் மூழ்கியது. மீன் அதை விரும்பி எடுத்தது! வேறொருவராயின் தற்செயல் என்று விட்டிருப்பார். ஸ்க்யூஸ் விடவில்லை. பிடித்த மீன்களின் உணவை ஒரு நீண்ட சிறு கரண்டியால் எடுத்து, வெள்ளைப் பீங்கானில் நீர் விட்டுப் பரப்பிப் பார்த்தார். இறகு முளைத்த ஈக்களைவிட, மேற்பரப்பை எட்டாத இளவுயிரிகளே மிகுந்திருந்தன. நீர்ப்பரப்பில் வளையங்கள் எழுகின்றன. ஆனால் மீன் உண்பது பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ளதை! 1910, 1921 ஆகிய ஆண்டுகளில் வெளியான நூல்களில் இதை வாதிட்டார்.

1938-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு தூண்டில் சங்கம் இதற்கென்றே விவாதம் நடத்தியது. முதுமை எய்திவிட்ட ஸ்க்யூஸுக்கு அன்று ஆதரவு குறைவாகவே கிடைத்தது. அவ்வாண்டோடு அவர் தமக்கு உயிரான அந்த ஆற்றுப் பகுதியை விட்டு விலகினார்.

நாம் மீண்டும் இயற்பியலிடம் செல்வோம். சாளரத்துக்கு வெளியே மிதக்கும் ஈயை மீன் காண முடியாது. ஈயின் கால்கள் பரப்பில் ஏற்படுத்தும் சிறு குழிகள் மட்டும், கண்ணாடிக் கூரையில் ஒளிப்புள்ளிகளாக மின்னும். ஈ மிதந்து நெருங்கும்போது முதலில் இறகுகளின் நுனி சாளரத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். உடல் பின்னரே தெரியும். ஆனால் மூழ்கிய இளவுயிரிக்குச் சாளரமே தேவையில்லை. மீன் அதை நேராகக் காண்கிறது. மேலுள்ள கண்ணாடியில் அதன் பிம்பத்தையும் காண்கிறது. வின்சென்ட் மரினாரோ 1950, 1976 ஆகிய ஆண்டுகளிலும், பிரையன் கிளார்க்கும் ஜான் காடர்டும் 1980-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் இவற்றை விளக்கின. ஹால்ஃபோர்டு கண்டது சாளரத்துக்குள் உள்ள உண்மை. ஸ்க்யூஸ் கண்டது சாளரத்துக்கு வெளியே உள்ள உண்மை. ஒன்றை மட்டும் சட்டமாக்கியதே தவறு. இன்று இரு முறைகளும் உலகெங்கும் கையாளப்படுகின்றன.

இன்றைய ஆறு

இந்த வழக்கு தீர்ந்துவிட்டது. இப்போது எழுந்திருப்பது அதைவிடப் பெரிய வழக்கு. உலகிலுள்ள சுண்ணப்பாறை ஆறுகளில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான் உள்ளன. அவற்றுக்கு நீர் தரும் நிலத்தடி ஊற்றுகளிலிருந்தே நகரங்களும் தங்கள் குடிநீரை எடுக்கின்றன. ஊற்று தாழ்ந்தால் ஆறு மெலிகிறது. மெலிந்த ஆற்றில் ஓட்டம் குறைகிறது, வண்டல் படிகிறது. வயல்களிலிருந்து உரச்சத்தும், நகரங்களிலிருந்து கழிவுநீரும் வந்து சேர்கின்றன.

டிரவுட் ஆற்றடிச் சரளைக் கற்களுக்குள் முட்டையிடும். கற்களின் இடுக்கில் நீர் ஓடினால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். வண்டல் அந்த இடுக்குகளை அடைத்துவிடுகிறது. மே ஈக்களில் சில வகைகளின் முட்டைகளும் வண்டலாலும் பாஸ்பேட்டாலும் பாதிக்கப்படுவதை அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 10 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம்தான். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்சிஜன் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான்! 20 டிகிரியை நெருங்கும்போது பழுப்பு டிரவுட்டின் வளர்ச்சி நின்றுவிடுகிறது; 25 டிகிரியை ஒட்டி உயிருக்கே ஆபத்து. எனவே பொறுப்புள்ள தூண்டில்காரர்கள் இன்று கையில் வெப்பமானியோடு செல்கிறார்கள். நீர் சூடாக இருந்தால் கழியை எடுக்காமலே திரும்புகிறார்கள். பிடித்து விடுவிக்கப்படும் மீன்கூடச் சூடான நீரில் பிழைப்பது அரிது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆற்றடிக் கல்லைப் புரட்டி இளவுயிரிகளை எண்ணிப் பதிவுசெய்யும் வேலையையும் அவர்களில் பலர் மேற்கொண்டுள்ளனர். ஆற்றில் நஞ்சு கலந்தால், அளவுகோலுக்கு முன்பே அந்த எண்ணிக்கை அதைச் சொல்லிவிடும்.

நம் நீலகிரியில் உள்ள டிரவுட்டைப் பற்றியும் ஒரு சொல். 1864-ஆம் ஆண்டில் டிரவுட் முட்டைகள் ஈரப்பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதியப்பட்டு, கப்பலில் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா சென்று பொரித்தன. அதே 1860-களில் ஃபிரான்சிஸ் டே இம்மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால்தான் வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் ஏற்பட்டது. ஆனால் இதை வெறும் வெற்றிக் கதையாகக் கொள்ளலாகாது. உலகில் பெருந்தீங்கு விளைவிக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே இடம்பெற்றுள்ளன. தன் ஊரில் காக்கப்பட வேண்டிய மீன், பிறர் ஊரில் அங்குள்ள சிற்றுயிர்களுக்கு எமனாகலாம்.

மாணவ நண்பர்களே, ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, அதைக் கண்ணுக்கு மேலாக உயர்த்தி, பக்கவாட்டிலிருந்து நீர்ப்பரப்பின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெள்ளிபோல் மின்னும். ஒரு பென்சிலை மேலிருந்து மெல்ல அமிழ்த்துங்கள். அதன் நுனி நீரைத் தொட்டதும், அந்த வெள்ளிக் கூரையில் தலைகீழாக இன்னொரு நுனி தோன்றும். ஸ்க்யூஸின் மீன் கண்டது இதைத்தான். பிறகு அதே நீரில் ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டுக் கலக்குங்கள். வெள்ளிக் கூரையும் மறையும், பென்சிலும் மறையும். இன்று அந்த ஆறுகளில் நடப்பது என்ன என்பதும் அப்போது விளங்கும்.